மூன்று குறைந்த எழுபதினாயிரம்

786

திருக்கோகர்ணம்,
12-4-1954

அன்புள்ள ராத்தா ஜன்னத் பீவி அவர்களுக்குத் தம்பி அபுபக்கர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கட்டுமாவடியிலிருந்து இங்கே திரும்பி ஒன்பது நாளாகிறது. பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை. மேற்பார்வைக்கு நிற்கும்போது பிள்ளைகளைப் பார்க்காமல் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு. மூன்று தடவை எண்ணினாலும் பன்னிரண்டுதான். அப்படியானால் உங்கள் வீட்டில் மட்டும் எனக்கு எப்படித் தவறியது?

உங்கள் மகன் ஜமால் முகமது கடலுக்குப் போய்ப் பதினாறு மாதமாகிறது. இனி வரமாட்டான் என்று ஊரே ஒத்துக்கொண்ட பிறகுதான் இறந்தவருக்கு ஓதும் எழுபதினாயிரம் கலிமாவை அவன் பேரில் ஓதச் சபை கூட்டினோம். ஓராண்டாக ஊர்ப் பெண்கள் சேர்த்துக் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டையை நானே எழுபது பைகளில் ஆயிரம் ஆயிரமாக எண்ணிப் போட்டேன். பத்துக் கொட்டை ஒரு வரிசை, பத்து வரிசை நூறு, அப்படிப் பத்து நூறு. ஒவ்வொரு பையையும் இரண்டு தடவை எண்ணினேன். எழுபது பேர் உட்கார்ந்தோம். ஒரு கலிமாவுக்கு ஒரு கொட்டை. எல்லோருக்கும் சரியாக முடிந்தது. என் பை மட்டும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் தீர்ந்துவிட்டது.

“மூணு குறையுது” என்று சபையில் வாய்விட்டுச் சொன்னேன். பள்ளிவாசல் ஹஜரத் சிரித்தபடி, “மூணுதானே வாத்தியார், வாயால ஓதி நெறவிடுங்க” என்றார். அதற்குள் நீங்கள் உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

“நெறையலை, பாத்தீங்களா! எம்புள்ளை மவுத்தாகலை. அதான் அல்லா மூணைக் கொறச்சு வச்சிருக்கான். இனி யாரும் வாயத் தொறக்கப்படாது!”

கொட்டைகளை எல்லாம் வாரிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினீர்கள். பெற்றவளை யார் எதிர்த்துப் பேச முடியும்? பாத்திஹா ஓதாமலே சபை கலைந்தது. அன்று காலையில்தான் உங்கள் மருமகள் ரஹீமா தன் தாலிக் கருகமணியைக் கழற்றி வைத்திருந்தாள். அதை நீங்களே எடுத்துத் திரும்பவும் அவள் கழுத்தில் கட்டினீர்கள்.

ராத்தா, ஆண்டவன் எதையும் குறைக்கவில்லை. எண்ணியவன் நான், தவறியவனும் நான்தான். ரஹீமாவுக்கு இருபத்தொரு வயது. இடுப்பில் குழந்தை ரசியா. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவள் எத்தனை காலம் இருப்பாள்? ஓதி நிறைத்துவிட்டால் அவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து எழுந்திருப்பாள், அவளுக்கும் ஒரு வழி பிறக்கும். மூன்றே மூன்று கலிமா. அனுமதி கொடுங்கள்.

தங்கள் தம்பி,
அபுபக்கர்


786

கட்டுமாவடி,
ஐம்பத்து நாலாம் வருஷம், ரமலான் பிறை ஐந்து

அபுபக்கருக்கு ஜன்னத் பீவி எழுதுவது.

சலாம் எழுதவில்லை. எழுதினால் பதில் சலாம் சொல்வது உன் மேல் கடமையாகிவிடும். உன்னிடமிருந்து எனக்கு ஒன்றும் வர வேண்டாம்.

உன் கடிதத்தை ரஹீமாதான் வாசித்தாள். வாப்பா எனக்குக் கற்றுத் தந்தது அரபெழுத்தில் தமிழை எழுதுவது மட்டும். தமிழெழுத்து எனக்குத் தெரியாது, அதை வாசிக்க ஐந்தாம் வகுப்புப் படித்த மருமகளிடம்தான் போவேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். ‘அவளுக்கு ஒரு வழி பிறக்கும்’ என்ற வரியை அவள் வாயாலேயே வாசிக்க வைத்தாய். நிறுத்தாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு மீன் கழுவப் போனாள்.

எண்ணும் எனக்கு வராது. கடிதத் தலையில் போடும் எழுநூற்று எண்பத்தாறு ஒன்றுதான் எழுதுவேன். ஆனால் மறதி கிடையாது. ஏழு வயதில் நீ என் கோழிக்குஞ்சை வாளித் தண்ணீரில் நீந்தவிட்டுக் கொன்றாய். எட்டுக் குஞ்சில் அது ஒன்றுதான் கறுப்பு. என் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ‘எங்க ராத்தாவுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியாது’ என்று சொல்லிச் சிரித்தாய். அவர்களும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் பேர் சொல்வேன்.

ஜமால் கடலுக்குப் போனது கார்த்திகை மாதம். கிழக்கே மேகம் சட்டி அடிபோல இருந்தது. “இன்னைக்கு வேணாண்டா” என்று நான் வாசலை மறித்து நின்றேன். நீ லீவுக்கு வந்தவன். கட்டிலில் கிடந்து பேப்பர் படித்தவன். தலையைத் தூக்கி, “வானம் வெளுத்திருக்கு ராத்தா, போயிட்டு வரட்டும்” என்றாய். பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தான். மாமு படித்தவர் இல்லையா! சிரித்துக்கொண்டே போனான். நாலு பேர் போன வத்தைப் படகு. புயலுக்குப் பிறகு அதன் பலகை ஒன்று மணமேல்குடிப் பக்கம் ஒதுங்கியது. பலகையைக் காட்டி ஆளை மவுத்து என்கிறார்கள். பலகை வந்து சொல்லிற்றா?

எண்ணுவதில் தவறியவன் என்று இப்போதுதான் உனக்குத் தெரிந்ததா? எனக்கு அன்றே தெரியும்.

மூன்று ஓத அனுமதி இல்லை. சாக்கைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஜன்னத் பீவி


786

திருக்கோகர்ணம்,
3-10-1957

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் பதில் போடாத கடிதங்களை எண்ணவில்லை. எண்ணுவதையே குறைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு எண் என்னை விடமாட்டேன் என்கிறது. எழுபதினாயிரத்தில் மூன்று போனால் 69,997. எழுபதினாயிரம் நல்ல மனசுள்ள எண், ராத்தா. இரண்டு பேர் வந்தாலும் மீதமில்லாமல் பங்கு போடலாம். ஏழு பேருக்கும் வரும், முப்பத்தைந்து பேருக்கும் வரும், ஆயிரம் பேருக்கும் வரும். மொத்தம் ஐம்பது விதமாக அதைப் பங்கு போடலாம். அதனால்தான் நம் முன்னோர் அந்த எண்ணைப் பிடித்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

இந்த 69,997-ஐ அப்படிப் பங்கு போட முடியுமா என்று பார்த்தேன். பழைய விடைத்தாள்களின் முதுகில் போட்டுப் பார்த்தேன். இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. மூன்றாலும் ஒன்று. ஐந்தால் இரண்டு. ஏழால் நான்கு. பத்தொன்பதால் வகுக்கும்போது முடிந்துவிட்டது என்றே நினைத்தேன், கடைசியில் ஒன்று வந்து நின்றது. 263 வரை போனால் போதும், அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. ஏனென்றால் 265-ஐ அதனாலேயே பெருக்கினால் எழுபதினாயிரத்தைத் தாண்டிவிடும். அதற்குள் வகுத்துப் பார்க்க வேண்டிய ஐம்பத்தாறு எண்களாலும் வகுத்தேன். எதிலும் அடங்கவில்லை. இப்படிப்பட்ட எண்ணுக்குப் பாடத்தில் ‘பகா எண்’ என்று பேர். பகுக்க முடியாதது. அதை ஒரே ஒருவர் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது 69,997 பேர் வந்து ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். நடுவில் வேறு வழியே கிடையாது.

என் தவறு எப்படிப்பட்ட இடத்தில் போய் விழுந்திருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று. அறந்தாங்கி ஜவுளிக்கடை ஹாஜா முகைதீன் உங்களுக்குத் தெரிந்தவர்தான். மனைவி தவறி இரண்டு வருஷமாகிறது. ரஹீமாவைக் கேட்டு என்னிடம் ஆள் அனுப்பினார். ரசியாவையும் தன் பிள்ளையாகவே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். “ராத்தா சம்மதிச்சு அந்த மூணு ஓதி முடியட்டும், நான் காத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டார். அடுத்த பெருநாள் வரை காத்திருப்பார். அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

தம்பி,
அபுபக்கர்


786

கட்டுமாவடி,
ஐம்பத்து ஏழாம் வருஷம், முகைதீன் ஆண்டவர் மாதம், பிறை இருபது

அபுபக்கருக்கு.

மழை பிடித்துக்கொண்டது. வத்தைகள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. வேலை இல்லாத நாள் என்பதால் சாக்கைப் பரணிலிருந்து இறக்கினேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. நீ சொன்னதில் எத்தனை பொய் என்று பார்க்கத்தான்.

எனக்கு வகுத்தல் தெரியாது. பாயை விரித்துக் கொட்டைகளைப் பரப்பினோம். நானும் ரஹீமாவும் ஏழு ஏழாகத் தள்ளிக்கொண்டே போனோம். மூன்று நாள். கடைசியில் நாலு கொட்டை பாயில் நின்றது. மழை விடவில்லை. திரும்பவும் கொட்டிப் பதினொன்று பதினொன்றாகத் தள்ளினோம். அதிலும் நாலு. பதிமூன்றில் ஐந்து. ரஹீமா சிரித்தாள். “மாமு சொன்னது சரிதான் மாமி, இது யாருக்கும் அடங்காது போலருக்கு” என்றாள். அவள் சிரித்து நான் கேட்டது அந்தக் கார்த்திகைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கொட்டையை அள்ளிக்கொண்டே கேட்டாள்: “அந்த மூணும் எங்கிட்டுப் போயிருக்கும் மாமி?”

“ஒங்க மாமுட்டப் போயி கேளு” என்றேன்.

சரி, கணக்கில் நீ பொய் சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறேன். நீ அதைப் பகா எண் என்கிறாய். நான் அதைப் பிள்ளை என்பேன். எனக்கு ஒருவன்தான். பொண்டாட்டிக்கு இத்தனை, ஊருக்கு இத்தனை, மாமுவுக்கு இத்தனை என்று எழுபது பை போட்டு நீதான் பங்கு வைத்தாய். அவன் அடங்கவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் கதையையும் ரஹீமாதான் வாசித்தாள். அந்த இடம் வந்தபோது குரல் கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் நிற்கவில்லை. “என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன். “நீங்க எழுதுறதை எழுதுங்க மாமி” என்றாள். அவளுக்கு விருப்பமில்லை என்று எழுதுகிறேன்.

என் மகன் வந்து கதவைத் தட்டும்போது அவன் பொண்டாட்டி அறந்தாங்கியில் எவனுக்கோ சோறு போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

ஜன்னத் பீவி


786

திருக்கோகர்ணம்,
18-6-1961

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். ஹாஜா முகைதீன் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அன்று, இனி உங்களுக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். பொண்ணு மதுக்கூர்ப் பக்கம். நல்ல பொண்ணு. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம் உடம்பு. நெஞ்சில் சளி கட்டி மூன்று மாதமாகிறது. டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொல்கிறார். கணக்கு வாத்தியார் பேசாமல் எப்படி இருப்பது? இருமிக்கொண்டே பாடம் நடத்துகிறேன். பின் பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு குரல் வரும்: “மூணு கொறை.” எனக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பேர் அது. கட்டுமாவடியிலிருந்து படிக்க வந்த எவனோ கதையைச் சொல்லியிருக்கிறான். திரும்பிப் பார்க்கமாட்டேன். உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

சென்ற வருஷம் மே முதல் தேதி ஒரு முடிவு எடுத்தேன். அந்த எண்ணை ஒருவர்தான் முழுசாக எடுக்க முடியும் என்றால், தவறு செய்தவன் நான் எடுத்துக்கொள்கிறேன். ஜமாலுக்காக முதலிலிருந்து நானே தனியாக ஓதி வருகிறேன். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் நூறு. ஒரே ஒரு நாள் காய்ச்சலில் விட்டுப்போயிற்று. இன்று காலையோடு 41,300. டாக்டருக்குத் தெரியாது. 69,997 வரை ஓதுவேன். கடைசி மூன்றை ஓதமாட்டேன், அது உங்கள் அனுமதிக்காக நிற்கும். இன்னும் இருநூற்று எண்பத்தேழு நாள் இருக்கிறது. அதுவரை தொண்டை விடுமா தெரியவில்லை.

‘வானம் வெளுத்திருக்கு’ என்று சொன்னதையும் மூன்று குறைந்ததையும் சேர்த்துத்தான் ஓதுகிறேன். முதலாவதுக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று மேற்கே பார்த்தேன், ராத்தா. மேற்கே வெளுத்துத்தான் இருந்தது.

இரண்டாவது மட்டும் விளங்கவே இல்லை. இரண்டு தடவை எண்ணினேனே.

தம்பி,
அபுபக்கர்


786

கட்டுமாவடி,
அறுபத்தோராம் வருஷம், சபர் பிறை மூன்று

அபுபக்கருக்கு.

இந்தக் கடிதத்துக்கு அரபெழுத்தில் பதில் எழுது. உனக்கும் அந்த எழுத்து வரும், நாம் ஒரே பலகையில் உட்கார்ந்து ஓதியவர்கள். தமிழெழுத்தில் எழுதினால் ரஹீமாதான் வாசிப்பாள்.

ஓதுவதை நிறுத்து. தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எண்ணியது சரி.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி எழுதிவிடுகிறேன்.

சபைக்கு முதல் நாள், சாயங்கால அசர் தொழுகைக்கு நீ பள்ளிவாசலுக்குப் போயிருந்தாய். எழுபது பையும் நடுவீட்டில் அடுக்கியிருந்தது. உன் பையை மட்டும் நீல நூலால் கட்டியிருந்தாய். அதை அவிழ்த்துக் கையை விட்டேன். மூன்று என்று எண்ணி எடுக்கவில்லை. விரலுக்கு வந்தது மூன்று. திரும்ப அதே முடிச்சைப் போட்டேன்.

ஏன் உன் பை என்று கேட்பாய். மற்றவர் பையில் எடுத்தால் மூன்று குறைந்தது என்று எவனும் வாயைத் திறக்கமாட்டான். சோறு ஆறிவிடும் என்று முடித்துவிட்டு எழுந்திருப்பான். நீ ஒருவன்தான் கடைசிக் கொட்டை வரைக்கும் எண்ணுவாய். குறைந்தால் சபையில் சொல்லுவாய். உன் நாணயத்தை நம்பித்தான் எடுத்தேன். உன்மேல் இருந்த கோபம் அப்புறம்தான் சேர்ந்துகொண்டது. ‘நான் தவறிவிட்டேன்’ என்று உன் கடிதம் வந்ததும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் பிள்ளையை நீ அனுப்பியதற்கு இதைச் சுமக்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லலாம் என்று இருந்தேன்.

மூன்றும் வெற்றிலைப் பெட்டிக்குள் பாக்குச் சிமிழில் இருக்கின்றன. ஒரு நாள் பாக்கு என்று நினைத்து ஒன்றைக் கடித்துவிட்டேன். பல் தடம் விழுந்துவிட்டது. பெட்டியைத் திறக்கும்போது சிமிழ் கடகட என்னும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அவன் எங்கோ இருக்கிற மாதிரி. எண் நிறையாதவரைக்கும் அவனை யாரும் மவுத்தாக்க முடியாதல்லவா.

போன வாரம் ரஹீமா தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பில் வந்த ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை. என்னிடம் காட்டவில்லை. விரலில் சுற்றிச் சுவர் இடுக்கில் செருகினாள். ஜவுளிக்கடைக்காரர் கல்யாணச் சேதி வந்த அன்றும் இப்படித்தான், சத்தமில்லாமல் வாசலைக் கூட்டப் போனாள். அவர் கேட்டபோது அவளுக்கு விருப்பமில்லை என்று எழுதினேனே. என்ன எழுதட்டும் என்று கேட்டேன், உனக்கு விருப்பமா என்று கேட்கவே இல்லை.

அவளிடம் சொல்லமாட்டேன். சொல்ல என்னிடம் வாய் இல்லை. உன்னிடம் சொன்னது போதும். நீ ஓதுவதை நிறுத்தினால் போதும்.

ஜன்னத் பீவி


786

திருக்கோகர்ணம்,
22-7-1961

ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அரபெழுத்தில் எழுதச் சொன்னீர்கள். தமிழெழுத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் அரபெழுத்தில்தான் எழுதி முடித்தேன். அதைக் கிழித்துவிட்டேன். ராத்தா, என்னை ஏழு வருஷம் எண்ணத் தெரியாதவனாக வைத்திருந்தீர்கள். நான் திருத்திய பரீட்சைத்தாளைக்கூட மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தாலும் நம்பவில்லை. அது என்னோடு போகட்டும். அதை நான் மன்னித்தாகிவிட்டது, ஏனென்றால் மேற்கே பார்த்தவன் நான்தான். ஆனால் இன்னொருவருடைய ஏழு வருஷத்தை மன்னிக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

ரஹீமா, இதை நீ வாசித்துக்கொண்டிருக்கிறாய். நிறுத்தாமல் வாசிப்பாய் என்று உன் மாமி எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில் நிறுத்து, அம்மா. அந்த மூன்று கொட்டையும் குறையவில்லை. உன் மாமி எடுத்து வைத்திருக்கிறார்கள். வெற்றிலைப் பெட்டியில் பாக்குச் சிமிழில் இருக்கின்றன. என்ன செய்வது என்பதை இனி நீ சொல். நானோ மாமியோ சொல்வதற்கு இல்லை.

நீ ஓதச் சம்மதித்தால் ஒன்று சொல்கிறேன். மூன்று என்பதும் பகா எண்தான். ஒருவரே மூன்றையும் எடுக்கலாம், அல்லது மூன்று பேர் ஆளுக்கு ஒன்று எடுக்கலாம். என்னால் பஸ் ஏற முடியாது. நபி பிறந்த மாதத்து முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு என் பங்கை நான் இங்கே ஓதுகிறேன். மற்ற இரண்டும் உங்கள் இருவருக்கு.

ராத்தா, இரண்டு எடுத்திருந்தால் மிச்சத்தை முப்பத்தொரு பேர் பங்கு போட்டிருக்கலாம். நாலு எடுத்திருந்தால் பன்னிரண்டு பேர். விரலுக்கு மூன்று வந்ததால்தான் அப்படி ஆயிற்று. அதுவும் பகுபடாது, இதுவும் பகுபடாது. சேர்த்துவிட்டால் ஐம்பது விதமாகப் பகுபடும். ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அபுபக்கர்


786

கட்டுமாவடி,
அறுபத்தோராம் வருஷம், நபி பிறந்த மாதம், பிறை ஏழு

தம்பி அபுபக்கருக்கு.

உன் கடிதத்தைத் தபால்காரர் அய்யாக்கண்ணு கொண்டுவந்தபோது ரஹீமா கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ‘தமிழெழுத்தில் எழுதுகிறேன்’ என்று முதல் வரியை வாசித்ததும் இனி வருவது எனக்குத் தெரிந்துவிட்டது. பிடுங்கிக்கொள்ளலாமா என்று கை போயிற்று. பிடுங்கினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். ‘இந்த இடத்தில் நிறுத்து’ என்று வந்தது. நிறுத்தினாள். மீதியைக் கண்ணால் படித்தாள். மடித்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

“சிமிழைக் குடுங்க மாமி” என்றாள். கொடுத்தேன். காதருகே வைத்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். “நீங்க வெத்தலை போடையில எல்லாம் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கேன். காஞ்ச பாக்குன்னு நெனைச்சேன். ஏழு வருஷமா எங்காதுக்குள்ளயே கெடந்துருக்கு” என்றாள்.

அதன் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள். வெந்நீர் வைப்பாள். பேச்சு இல்லை. பேத்தி ரசியாவை விட்டு, “நன்னிய சாப்புடச் சொல்லு” என்பாள். நான் யார் யாரோடு எத்தனை வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன்! ஒரு வீட்டுக்குள் பேச்சில்லாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நேற்று ஜும்மா. பள்ளியிலிருந்து ஆட்கள் திரும்பும் சத்தம் கேட்டது. ரஹீமா தானாகச் சாக்கை இறக்கினாள், பாயை விரித்தாள், மூன்று கொட்டையையும் நடுவில் வைத்தாள். “இது மாமுவுக்கு” என்று ஒன்றைச் சாக்கில் போட்டாள். நீ அங்கே ஓதியிருப்பாய் என்று நம்பிக்கை. நீ நேரம் தவறமாட்டாய். அடுத்ததை அவள் கையில் எடுத்தாள். கண்ணை மூடி ஓதினாள். போட்டாள்.

எனக்கு வந்தது பல் தடம் விழுந்த கொட்டை.

வாய் வரவில்லை, தம்பி. ஊரார் ஓதிய அத்தனையும் சாக்குக்குள் போய்விட்டது, ஒன்று மட்டும் என் கையில். அந்த ஒன்றில் அவன் உட்கார்ந்திருந்தான். வாசலில் நிற்கிறான், சட்டைப் பொத்தான் ஒன்று போடவில்லை, போடுடா என்று சொல்ல நினைத்தேன், அன்று சொல்லாமல் விட்டேன். அதுவெல்லாம் அந்தக் கொட்டைக்குள் இருந்தது. அசருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ரஹீமா அவசரப்படுத்தவில்லை. எதிரில் அப்படியே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“சொல்லுங்க மாமி. நானும் அவுகள நெனைச்சு அழணும்ல. நீங்க இன்னும் என்னைய அழவே விடலையே.”

ஓதினேன். போட்டேன்.

அதற்கு முன்னால் அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஒன்பது வருஷத்தையும் ஒரே மூச்சில் அழுதாள். அவள் கழுத்தில் நான் கட்டிய கருகமணியை நானே அவிழ்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. என் நகம் உடைந்தது. நேற்றிலிருந்து இத்தா. எழுந்த பிறகு அவள் எங்கே போக நினைத்தாலும் போகட்டும். முப்பதை நெருங்கியவளுக்கு எந்த ஜவுளிக்கடைக்காரர் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஏழு வருஷத்தை நான் எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பேன்?

வீட்டில் சத்தமே இல்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் திறந்த மாதிரியே இல்லை.

காலையில் கீழத்தெருவில் ஒரு மவுத்து. சாக்கைக் கேட்டு வந்தார்கள். எத்தனை பேர் ஓதுவீர்கள் என்று கேட்டேன், முப்பத்தைந்து என்றார்கள். பங்கு வரும், எடுத்துப் போங்கள் என்றேன். நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதவள் சொன்னேன். நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்.

நீ தனியாக ஓதியது எத்தனையில் நிற்கிறது என்று எழுது. மிச்சத்தை நானும் ரஹீமாவும் எடுத்துக்கொள்கிறோம், அவளே சொன்னாள். மூன்று பேருக்கு அது பங்கு வருமா, ஒன்றோ இரண்டோ மிஞ்சுமா என்று கணக்குப் போட்டு அனுப்பு. மிஞ்சினால் அது எனக்கு. மருந்தை வேளை தவறாமல் குடி.

அன்று நீ மேற்கே பார்த்தாய் என்று எழுதியிருந்தாய். மேற்கே வெளுத்துத்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி.

இதற்குப் பதில் சொல்வது உன் மேல் கடமை. சொல்லாமல் போய்விடாதே.

ராத்தா,
ஜன்னத் பீவி